கையெழுத்து மட்டும் அடுத்த பக்கத்தில்

போன மாதம் ஒரு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்டேன். எல்லாம் ஆன்லைன்தான். பெயர், முகவரி, மதிப்பெண், குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு எண் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, கடைசியில் "சமர்ப்பி" பொத்தானையும் அமுக்கியாகிவிட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தால் கீழே ஒரு வரி: "இந்தப் பக்கத்தை அச்சிட்டு, கையொப்பமிட்டு, அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்கவும்."

சரி என்று பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பக்கத்துக்கு 5 ரூபாய். திரையில் பார்த்தபோது ஒரே நீளமான பக்கம். பிரிண்டரிலிருந்து வந்தது 4 தாள். முதல் தாளின் அடியில் "வங்கிக் கணக்கு விவரங்கள்" என்ற தலைப்பு மட்டும் நின்றது; விவரங்கள் இரண்டாவது தாளில். மதிப்பெண் பட்டியலில் ஒரு பாடத்தின் பெயர் ஒரு தாளிலும் அதன் பாதி அடுத்த தாளிலும். மூன்றாவது தாளின் கடைசியில் "மேலே கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை" என்று தொடங்கும் உறுதிமொழி. நான்காவது தாளில் ஒரு கோடு, அதன் கீழே "விண்ணப்பதாரர் கையொப்பம்". மீதி முழுக்க வெள்ளை.

ஆபீஸில் இருந்த மேடம் நாலு தாளையும் புரட்டிப் பார்த்தார். கடைசித் தாளைத் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தார்.

"என்ன தம்பி, கையெழுத்து தனித் தாள்ல இருக்கு? எதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டீங்கன்னு நான் எப்படி எடுத்துக்கறது? உறுதிமொழியும் கையெழுத்தும் ஒரே பக்கத்துல வர்ற மாதிரி எடுத்துட்டு வாங்க."

முதலில் கோபம்தான் வந்தது. வெயிலில் திரும்ப நடக்க வேண்டும், திரும்பக் காசு. ஆனால் நடந்துகொண்டே யோசித்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. வெறும் தாளில் ஒரு கையெழுத்து இருந்தால், அதற்கு முன்னால் எந்தத் தாளை வேண்டுமானாலும் வைத்து பின் அடிக்கலாம். பத்திரம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குவது இந்தப் பயத்தில்தானே! பி.காம். படிக்கிற எனக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

பிரவுசிங் சென்டர் அண்ணன் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "கையெழுத்து அடுத்த பக்கம் போயிடுச்சா? கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேனே." அவருடைய மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த விண்ணப்பத்தை எத்தனை சதவீதம் சுருக்கி பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று பேனாவால் எழுதிய பட்டியல். ஒன்றுக்கு 85, இன்னொன்றுக்கு 70. என்னுடையது 80. அப்படி எடுத்ததும் மூன்றே தாளில் அடங்கி, கையெழுத்துக் கோடும் உறுதிமொழிக்குக் கீழேயே வந்து உட்கார்ந்துவிட்டது. எழுத்துதான் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

என்னை உறுத்தியது அந்தப் பட்டியல்தான். அந்த விண்ணப்பப் பக்கத்தை எழுதியவர் செய்திருக்க வேண்டிய வேலையை, ஒவ்வொரு ஊரிலும் ஒரு அண்ணன் தன் சொந்த அனுபவத்தில் கண்டுபிடித்து, பேனாவால் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டு செய்கிறார். அப்படி ஒரு அண்ணன் இல்லாத ஊரில் ஜனங்கள் இரண்டு முறை நடக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஒரு வலைப்பக்கத்தை "அச்சிட்டுக் கொண்டு வா" என்று கேட்கிறவர்கள், தாள் எங்கே முடிய வேண்டும் என்பதையும் தாங்களே முடிவு செய்து கொடுக்க வேண்டும். அதற்கான வசதி இன்று நேற்று வந்ததல்ல.

ஏன் இப்படி வெட்டுப்படுகிறது?

திரைக்கு முடிவு கிடையாது. கீழே கீழே என்று உருட்டிக்கொண்டே போகலாம். தாளுக்கு முடிவு உண்டு. ஏ4 என்றால் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297 மில்லிமீட்டர், அவ்வளவுதான். பிரிண்ட் கொடுத்தவுடன் உலாவி அந்த நீளமான பக்கத்தை எடுத்து, ஒரு தாள் நிரம்பும் வரை ஊற்றிவிட்டு, மீதியை அடுத்த தாளில் ஊற்றுகிறது. எது தலைப்பு, எது அதற்குக் கீழே வரும் விஷயம், எந்தக் கையெழுத்து எந்த உறுதிமொழிக்கு உரியது என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தான் தெரியும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அமெரிக்காவில் புழங்குவது லெட்டர் அளவுத் தாள், எட்டரைக்குப் பதினோரு அங்குலம். அதாவது உயரம் சுமார் 279 மில்லிமீட்டர். நம் ஏ4-ஐ விட 18 மில்லிமீட்டர் குட்டை. கடையில் உள்ள கணினியில் தாள் அளவு லெட்டர் என்றே விடப்பட்டிருந்தால், ஏ4-ல் கச்சிதமாக அடங்கியிருக்க வேண்டிய பக்கத்தின் கடைசி 18 மில்லிமீட்டர் அடுத்த தாளுக்குப் போய்விடும். விண்ணப்பங்களில் கடைசியாக இருப்பது எது? கையெழுத்து! பிரிண்டரில் ஏ4 தாள்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டது லெட்டருக்கு. கோளாறு எங்கே என்றே யாருக்கும் தெரியாது.

1998-லேயே வந்துவிட்டது

வலைப்பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது சிஎஸ்எஸ் என்ற மொழி. எழுத்து என்ன அளவு, என்ன நிறம், எது எங்கே என்பதையெல்லாம் அதில்தான் எழுதுவார்கள். ஹோகன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் 1994-ல் முன்வைத்த யோசனை இது. முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வெளியானது. வலைக்கான வரையறைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இரண்டாவது பதிப்பை 1998 மே மாதம் வெளியிட்டது. திரைக்கு ஒரு தோற்றம், அச்சுக்கு ஒரு தோற்றம் என்று பிரித்து எழுதும் வசதியும், தாள் எங்கே முடியலாம், எங்கே முடியக் கூடாது என்று சொல்லும் வசதியும் அந்தப் பதிப்பிலேயே இருந்தன. நானெல்லாம் பிறப்பதற்கு முந்தைய சங்கதி.

என்னைப் போன்ற காமர்ஸ் மாணவனுக்கே புரிகிற அளவுக்கு எளிமையானது என்பதால் முக்கியமானவற்றைச் சொல்லிவிடுகிறேன். (தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.)

1. "@மீடியா பிரிண்ட்" என்று தொடங்கி ஓர் அடைப்பு. இதற்குள் எழுதுவது அச்சுக்கு மட்டும் பொருந்தும். மெனு, பொத்தான்கள், விளம்பரப் பட்டை எல்லாவற்றையும் இங்கே மறைத்துவிடலாம். பாதித் தாள் இதிலேயே மிச்சமாகும்.

2. "@பேஜ்" என்று எழுதி அதற்குள் தாளின் அளவு ஏ4, ஓரம் 15 மில்லிமீட்டர் என்று குறிப்பிடலாம். மேலே சொன்ன லெட்டர் குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதிலேயே விடிவு கிடைத்துவிடும்.

3. "பிரேக்-இன்சைடு: அவாய்டு". இந்தப் பெட்டியை நடுவில் உடைக்காதே என்று பொருள். உறுதிமொழியையும் கையெழுத்துக் கோட்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நான் இரண்டாவது முறை நடந்திருக்க மாட்டேன். இடம் போதவில்லை என்றால் இரண்டும் சேர்ந்தே அடுத்த தாளுக்குப் போயிருக்கும்.

4. "பிரேக்-ஆஃப்டர்: அவாய்டு". தலைப்புகளுக்கு இதை எழுதினால், தலைப்பு தாளின் அடியில் தனியாகத் தொங்காமல், தன் கீழே வரும் விஷயத்தோடு சேர்ந்து நகரும்.

5. "பிரேக்-பிஃபோர்: பேஜ்". இங்கிருந்து புதுத் தாளில் தொடங்கு என்று பொருள். பிற்சேர்க்கை, அலுவலக உபயோகத்துக்கான பகுதி போன்றவற்றுக்கு.

பழைய பெயர்களில் முன்னால் "பேஜ்" என்ற சொல்லும் ஒட்டியிருக்கும்: பேஜ்-பிரேக்-இன்சைடு, பேஜ்-பிரேக்-ஆஃப்டர் என்று. அவற்றையும் உலாவிகள் இன்றுவரை புரிந்துகொள்கின்றன. ஆகப் பழைய பக்கத்தை வைத்திருப்பவர்களுக்கும் சாக்கு கிடையாது.

இன்னும் இரண்டு உண்டு: "ஆர்ஃபன்ஸ்", "விடோஸ்". ஒரு பத்தி இரண்டு தாளில் பிரியும்போது முதல் தாளின் அடியில் குறைந்தது எத்தனை வரி நிற்க வேண்டும், அடுத்த தாளின் தலையில் குறைந்தது எத்தனை வரி வர வேண்டும் என்று சொல்வது. தனியாக நிற்கும் வரிக்கு அநாதை என்றும் விதவை என்றும் அச்சுக்கோப்பவர்கள் வைத்த பேர் அப்படியே கணினிக்கும் வந்துவிட்டது. பேர் வைத்தவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஒற்றை வரியைத் தனியே விடக் கூடாது என்ற அக்கறை எவ்வளவு பழையது பாருங்கள். ஈயத்தில் எழுத்துக் கோத்தவர்களுக்கு இருந்த அந்த அக்கறை நமக்கு ஏன் இல்லாமல் போனது?

என் லட்சணமும் அதுதான்

அடுத்தவரைக் குறை சொல்லிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. மாமா ஓர் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். போன வருடம் விடுமுறையில் அவருக்கு பில் போட ஒரு வலைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். நெட்டில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பொருள், எண்ணிக்கை, விலை, வரி, மொத்தம். திரையில் பார்க்க ஜோராக இருந்தது. ஐந்தாறு பொருள் போட்டு பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன், அதுவும் ஜோர்.

ஒரு வாரம் கழித்து மாமா கூப்பிட்டார். "டேய், பில்லுல தொகை எங்கடா?"

வீடு கட்டுகிற ஒருவர் வயர், சுவிட்ச், பைப் என்று முப்பதுக்கு மேல் அயிட்டம் வாங்கியிருக்கிறார். பட்டியல் முதல் தாளை நிரப்பிவிட்டது. மொத்தத் தொகை மட்டும் இரண்டாவது தாளுக்குப் போய்விட்டது. கடைப் பையன் முதல் தாளை மட்டும் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட்டான். மறுநாள் பணம் கொடுக்க வந்தவர், தானே கூட்டிப் பார்த்த ஒரு தொகையைச் சொல்கிறார். மாமாவிடம் இருப்பது வேறு தொகை. அவர் வரியைச் சேர்க்காமல் கூட்டியிருக்கிறார். பழகின ஆள் என்பதால் பேசித் தீர்ந்தது.

சரி செய்கிறேன் பேர்வழி என்று, மொத்தத் தொகை வரிசையை அட்டவணையின் அடிப்பகுதிக்கு உரிய "டிஃபுட்" என்ற குறிக்குள் போட்டேன். அது இன்னும் மோசம். அட்டவணையின் தலைப்பகுதியான "டிஹெட்" ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரும், அது நல்லது. இரண்டாவது தாளைப் பார்க்கிறவருக்கு எது விலை, எது வரி என்று தெரியும். ஆனால் அடிப்பகுதியும் அதே மாதிரி ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரும்! இரண்டு தாளிலும் முழுத் தொகை அச்சாகி, ஒரே பில் இரண்டு பில் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அந்த அடிப்பகுதியைச் சாதாரண வரிசையாக நடத்தும்படி ஒரு வரி எழுதி, அதற்கு முன்னால் தாள் உடையக் கூடாது என்று இன்னொரு வரி எழுதிய பிறகுதான் அடங்கியது. இப்போது தொகை போகிற தாளுக்குக் கூடவே கடைசிப் பொருளாவது ஒன்று போகும்.

அன்றைக்கு மாமா ஒரு பழைய பேரேட்டை எடுத்துக் காட்டினார். தாத்தா காலத்து நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியிலும் அதுவரையான கூட்டுத்தொகை. அடுத்த பக்கத்தின் முதல் வரியில் அதே தொகை திரும்ப எழுதப்பட்டு, அதிலிருந்து கணக்கு தொடர்கிறது. நாங்கள் வகுப்பில் "கேரீடு ஃபார்வர்டு", "பிராட் ஃபார்வர்டு" என்று படிக்கிற அதேதான். பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கித் தந்ததோடு நான் அதை மறந்துவிட்டேன். உண்மையில் அது என்ன? பக்கம் முடிகிற இடத்தில் கணக்கு அறுந்துபோகக் கூடாது, நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கணக்குப்பிள்ளைகள் கண்டுபிடித்த முறை. பக்கம் திரும்பும் இடம் ஆபத்தான இடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாத்தா கையால் செய்ததை, கணினி வைத்துக்கொண்டு நான் கோட்டை விட்டிருக்கிறேன்.

பில் விஷயத்தில் சட்டமும் இதைத் தொடுகிறது. 2017-ன் ஜிஎஸ்டி விதிகளின்படி, பொருள் விற்கும்போது விலைப்பட்டியல் மூன்று பிரதியாக இருக்க வேண்டும்: வாங்குபவருக்கு மூலப் பிரதி, வண்டியில் கொண்டு போகிறவருக்கு இரண்டாவது, விற்பவருக்கு மூன்றாவது. (இ-இன்வாய்ஸ் போட வேண்டிய பெரிய வியாபாரிகளுக்கு இதில் விலக்கு உண்டு, மாமா அவ்வளவு பெரிய வியாபாரி இல்லை.) மூன்று பிரதியையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தால், ஒவ்வொன்றும் புதுத் தாளில்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டிக்காரருக்கான பிரதியின் தலை, வாங்குபவரின் தாளின் காலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். "பிரேக்-பிஃபோர்: பேஜ்" என்ற ஒரு வரி போதும்.

எதிர்த்துச் சொல்லக்கூடியவை

"இந்தக் காலத்தில் யார் சார் பிரிண்ட் எடுக்கிறார்கள்?" என்று கேட்கலாம். ரயில் டிக்கெட்டையே அலைபேசியில் காட்டினால் போதும்தான். ஆனால் போட்டித் தேர்வு எழுதப் போகிறவரைக் கேட்டுப் பாருங்கள். ஹால் டிக்கெட் காகிதமாக இருக்க வேண்டும். அலைபேசியை உள்ளேயே விடமாட்டார்கள். பாங்கிலும் ஆபீஸிலும் ஆன்லைனில் நிரப்பியதைத் தாளில் எடுத்து வரச் சொல்லும் பழக்கம் போகவில்லை. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். வீட்டில் பிரிண்டர் உள்ளவர் நான்கு தாள் வந்தால் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொரு முறை எடுப்பார். பக்கத்துக்குப் பக்கம் காசு கொடுத்து எடுப்பவர், வீட்டில் பிரிண்டர் இல்லாதவர். ஸ்காலர்ஷிப் கேட்டு வருகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.

"பிடிஎஃப்-ஆகக் கொடுத்துவிட்டால் போயிற்று" என்பது அடுத்தது. நல்ல யோசனைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். பிடிஎஃப்-ல் பக்கம் முன்கூட்டியே பிரிந்திருக்கும், எந்தக் கணினியில் எடுத்தாலும் மாறாது. ஆனால் அந்த பிடிஎஃப் எங்கிருந்து வருகிறது? பல இடங்களில் அதே வலைப்பக்கத்தைப் பின்னால் ஓர் உலாவியில் ஓட்டித்தான் பிடிஎஃப் ஆக்குகிறார்கள். பக்கத்தில் பிரிப்பு சரியில்லை என்றால் அந்த பிடிஎஃப்-லும் கையெழுத்து நான்காவது தாளில்தான் இருக்கும்.

"உலாவிகள் சொன்னபடி கேட்பதில்லை" என்பது மூன்றாவது. இது ஒரு காலத்தில் முழு உண்மை. 1998-ல் வரையறுத்த "பேஜ்-பிரேக்-இன்சைடு: அவாய்டு" ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்தது 2013-ல், 19-வது பதிப்பில். குரோம் அச்சில் இந்த "அவாய்டு" எல்லாவற்றையும் ஒழுங்காக மதிக்கத் தொடங்கியது 2022 நவம்பரில் வந்த 108-வது பதிப்பில். எழுதி வைத்ததற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் நடுவில் இருபத்து நாலு வருடம்! திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த உலாவிக்காரர்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. ஆனால் இப்போது அது பெருமளவு தீர்ந்த பிரச்சினை. பழைய அனுபவத்தை வைத்து இன்றைக்கும் அதே பதிலைச் சொல்வது சரியில்லை.

"பக்கம் பிரிப்பது கஷ்டமான வேலை" என்பது கடைசி. இதிலும் உண்மை இருக்கிறது. படங்களும் அடிக்குறிப்புகளும் நிறைந்த ஒரு புத்தகத்தை மிகச் சிறந்த முறையில் பக்கம் பிரிப்பது எவ்வளவு சிக்கலான கணக்கு என்று மைக்கேல் பிளாஸ் என்பவர் 1981-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு டாக்டர் பட்ட ஆய்வே செய்திருக்கிறார். ஆனால் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் புத்தகம் இல்லை. நாலு பகுதி, ஓர் அட்டவணை, ஒரு கையெழுத்து. சொல்லப்போனால் புத்தகத்தையே செய்து காட்டிவிட்டார்கள். ஹோகன் லீயும் பெர்ட் போஸும் சிஎஸ்எஸ் பற்றி எழுதிய புத்தகத்தின் மூன்றாம் பதிப்பை, 2005-ல், வலைப்பக்கம் போலவே எழுதி, சிஎஸ்எஸ் கொண்டே பக்கம் பிரித்து, பிரின்ஸ் என்ற மென்பொருள் மூலம் அச்சுக்கு அனுப்பினார்கள். புத்தகத்துக்கே முடிந்தது நாலு பகுதி விண்ணப்பத்துக்கு முடியாதா?

அளவோடு

எல்லாவற்றுக்கும் "உடைக்காதே" என்று எழுதிவிடுவதும் தப்பு. ஒரு முழு அட்டவணைக்கு அப்படி எழுதினால், மீதி இடத்தில் அடங்காத அட்டவணை மொத்தமாக அடுத்த தாளுக்குத் தாவிவிடும். முந்தைய தாளில் பாதி வெள்ளை. அந்த வெள்ளைக்கும் 5 ரூபாய்தான். அட்டவணை ஒரு தாளை விடப் பெரியது என்றால் என்ன சொன்னாலும் உடையத்தான் செய்யும். வரிசைகளை மட்டும் உடைக்காமல் விட்டு, அட்டவணையை உடைய விடுவதுதான் சரி.

இன்னொரு பொறி, திரைக்காகப் பக்கத்தின் உயரத்தைக் கட்டிப்போட்டு, உள்ளே மட்டும் உருளும்படி செய்வது. திரையில் அழகாக இருக்கும்; அச்சில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டும் வந்து, மீதி காணாமல் போய்விடும். அச்சுக்கான அடைப்புக்குள் அந்த உயரக் கட்டையும் உருளலையும் எடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் சேர்ந்தாலும் பதினைந்து, இருபது வரி. ஒரு மாலை வேலை.

யார் கணக்கில் எழுதுவது?

கடைசியாக ஒரு காமர்ஸ் கணக்கு. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் பிரிக்காததால் ஆளுக்கு ஒரே ஒரு தாள் கூடுதல், தாளுக்கு 5 ரூபாய். 5 லட்சம் ரூபாய். ரீமுக்கு 500 தாள் என்றால் 200 ரீம் காகிதம். திரும்ப நடந்த நேரத்தையும், பஸ் காசையும், போன அரை நாள் கூலியையும் நான் சேர்க்கவே இல்லை. இந்தச் செலவு அந்தப் பக்கத்தை எழுதிய நிறுவனத்தின் புத்தகத்தில் எந்தத் தலைப்பிலும் வராது. எழுதச் சொன்ன அலுவலகத்தின் புத்தகத்திலும் வராது. யார் கணக்கிலும் எழுதப்படாத செலவு என்பதால்தான் யாரும் அதைக் குறைக்க நினைக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அச்சிட்டுக் கொண்டு வரச் சொல்லும் பக்கம் எதுவானாலும், அதைச் செய்யச் சொல்லி ஒப்பந்தம் போடும்போதே ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: நிரப்பிய விண்ணப்பத்தை, கொஞ்சமாக நிரப்பியது ஒன்றும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியது ஒன்றுமாக, ஒரு சாதாரணக் கடையில் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துக் காட்ட வேண்டும். தலைப்பு தொங்கக் கூடாது, வரிசை வெட்டுப்படக் கூடாது, கையெழுத்து தன் உறுதிமொழியை விட்டுப் பிரியக் கூடாது. காட்டிய பிறகு பணம் கொடுக்கட்டும். நான் ஐந்தாறு பொருளோடு மட்டும் பில்லைச் சோதித்துவிட்டு மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன், எல்லாக் கட்டத்தையும் நிரப்பிப் பார்ப்பது ரொம்ப முக்கியம்.

பக்கம் எழுதுகிற நண்பர்கள் ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வேலையை முடித்ததும் ஒரு முறை கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அமுக்கி, வருகிற முன்னோட்டத்தைக் கடைசித் தாள் வரை பாருங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

என் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? 80 சதவீத எழுத்தில் மூன்று தாளாகக் கொண்டு போய்க் கொடுத்தேன். மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்துவிட்டு முத்திரை குத்தினார். எனக்குப் பின்னால் ஓர் அம்மா மகளோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது 4 தாள்.